ரவுட்டர் மேல் தப்பில்லை: வீட்டு சர்வர் வெளியிலிருந்து திறக்காதது ஏன்?

கேள்வி: தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் கணக்காளராக இருக்கிறேன். நானும் மனைவியும் ஒன்பது வருடமாக எடுத்த படங்களும் வீடியோக்களும் சுமார் 180 ஜிபி, கூகுள் போட்டோஸில் இருக்கின்றன. சந்தா கட்டி அலுத்துவிட்டது. வீட்டில் சும்மா கிடந்த 8 ஜிபி ராம் லேப்டாப்பில், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகனை வைத்துக்கொண்டு லினக்ஸும், படங்களைச் சேர்த்து வைத்துக் காட்டும் இம்மிச் என்ற மென்பொருளும் போட்டோம். வீட்டு வைஃபையில் அருமையாக ஓடுகிறது. தெருமுனைக்குப் போனால் திறக்கவில்லை. போர்ட் ஃபார்வர்டிங்கும் செய்து பார்த்தாயிற்று. ரவுட்டரை மாற்ற வேண்டுமா? இது சரியானால் மெயிலையும் வீட்டிலேயே வைத்துவிடலாம் என்கிறான் மகன். சந்தாவை எப்போது நிறுத்தலாம்?

பதில்: ரவுட்டரை மாற்றாதீர்கள். முதலில் ஒரு சின்னச் சோதனை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'வான் ஐபி' (WAN IP) என்று ஓர் எண் இருக்கும், ரவுட்டரின் இணைய முகவரி அது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே வைஃபையில் இருந்தபடி கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடினால் இன்னோர் எண் வரும். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக வந்தால் அது ஐபிவி6. அதை விட்டுவிட்டு, நான்கு பகுதியாக இருக்கும் பழைய பாணி எண்ணை, அதாவது ஐபிவி4-ஐப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாமல், ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட் (CGNAT) என்ற ஏற்பாட்டுக்குள் இருக்கிறீர்கள். சில நிறுவனங்கள் 10-இல் தொடங்கும் எண்ணும் தருவார்கள். உங்கள் வீட்டிலும் இதுதான் என்று பந்தயம் கட்டுவேன்.

அது என்ன? அடுக்ககத்துக் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பாடு ஆர்டர் செய்யும்போது அவர் நோட்டில் குறித்துக்கொள்கிறார். பையன் பொட்டலத்தோடு வந்ததும் நோட்டைப் பார்த்து உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறார். நோட்டில் இல்லாத ஆள் வந்தால் வாசலோடு சரி. ரவுட்டர் செய்வது இதைத்தான். போர்ட் ஃபார்வர்டிங் என்பது, 'இன்ன ஆள் கேட்டு வந்தால் என் வீட்டுக்கு அனுப்பு' என்று காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது. நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் தெருவுக்கே இன்னொரு கேட் இருக்கிறது. அதன் நோட்டு பிராட்பேண்ட் நிறுவனத்தின் கையில். வெளியிலிருந்து வருகிறவர் உங்கள் காவலாளியிடம் வந்து சேருவதே இல்லை.

நிறுவனங்களின் கஞ்சத்தனம் மட்டுமல்ல காரணம். ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதிக்குப் பங்கிடும் ஏப்னிக் அமைப்பின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. மறு வருடம், பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதற்கென்றே அந்த 100.64 வரிசையை ஒதுக்கினார்கள்.

தீர்வு, வெளியே இருப்பவரை உள்ளே கூப்பிடாமல் இரண்டு பக்கமும் வெளியே போய்ச் சந்தித்துக்கொள்வது. டெய்ல்ஸ்கேல் என்ற மென்பொருள் அதைச் செய்கிறது. தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம். லேப்டாப்பிலும் இரண்டு போனிலும் நிறுவி, மூன்றையும் ஒரே வலையில் சேர்த்துவிட்டால், வயர்கார்டு என்ற குறியாக்க முறையில் அவை ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும். நேர்வழி கிடைக்காத இடத்தில் அவர்களுடைய இடைநிலை சர்வர் வழியாகப் போகும். வேகம் குறையும், ஆனால் அவர்களால் உள்ளே பார்க்க முடியாது. லேப்டாப்புக்கு அது தரும் முகவரியும் 100-இல்தான் தொடங்கும். அதே 100.64 வரிசையைத்தான் இவர்களும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், குழம்ப வேண்டாம். இம்மிச் செயலியில் வீட்டு வைஃபைக்கு ஒரு முகவரி, வெளியே போனால் இன்னொன்று என்று தானாக மாறிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது, இரண்டையும் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். டெய்ல்ஸ்கேல் ஒவ்வொரு கருவிக்கும் தரும் அனுமதி 180 நாளில் காலாவதியாகும். லேப்டாப்புக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிர்வாகப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து, நீங்கள் வெளியூர்க் கல்யாணத்தில் நிற்கும்போதுதான் அது கதவைச் சாத்தும்.

வேறு வழிகளும் உண்டு. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சர்வர் வழியாக வீட்டு சர்வருக்கு வழிவிடும் கிளவுட்ஃபிளேர் டன்னலைப் பலர் சொல்வார்கள். அதன் இலவசத் திட்டத்தில் ஒரே தடவையில் 100 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது; பள்ளி ஆண்டு விழா வீடியோ ஒன்று போதும், நின்றுவிடும். நிலையான ஐபியைப் பணம் கட்டி வாங்கலாம். அதை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். பொது முகவரியில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்தால், பூட்டை ஆட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் அன்றைக்கே வந்துவிடும். 2021 ஏப்ரலில் கியூநாப் நிறுவனத்தின் வீட்டு சேமிப்புப் பெட்டிகளை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்களைக் கியூலாக்கர் என்ற நிரல் பிடித்தது. கோப்புகளையெல்லாம் கடவுச்சொல் போட்ட 7சிப் (7-Zip) பொட்டலங்களாகக் கட்டிவிட்டு 0.01 பிட்காயின் கேட்டது. அவர்களில் பலர் உங்களைப் போலக் குடும்பப் படங்களை வைத்திருந்தவர்கள். ஆகவே செய்து வைத்த போர்ட் ஃபார்வர்டிங்கை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நாளைக்கு பிராட்பேண்ட் நிறுவனம் முகவரி முறையை மாற்றினால், மறந்துபோன அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இத்தோடு முடிந்தது. எனக்கு நிஜமாகக் கவலை தருவது உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு சொல்: பேக்கப்.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். படங்கள் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில். தினமும் விடியற்காலை 3 மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் அவற்றை இரண்டாவது டிஸ்க்குக்கு நகலெடுக்கும். இடம் வீணாகக் கூடாதே என்று, மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடு என்ற கட்டளையையும் சேர்த்திருந்தேன். ஒரு நாள் இரவு கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது, கேபிள் தளர்ந்திருந்ததால் முதல் டிஸ்க் எழவில்லை. டிஸ்க் ஏறாவிட்டாலும் அது ஏற வேண்டிய ஃபோல்டர் அங்கேயே இருக்குமில்லையா, காலியாக? 3 மணிக்கு வந்த ஆர்சிங்க் அந்தக் காலி ஃபோல்டரைப் பார்த்தது. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டார் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, நல்ல பிள்ளையாக நகலையும் சுத்தமாகத் துடைத்து வைத்தது. காலையில் காபி டம்ளரோடு வந்து பார்க்கிறேன், இரண்டாவது டிஸ்க்கில் 400 ஜிபி காலி இடம். முதல் டிஸ்க் சாகவில்லை, கேபிளை அழுத்தியதும் வந்துவிட்டது. அதனால் பிழைத்தேன். டிஸ்க்கே போயிருந்தால் கதை முடிந்திருக்கும்.

இம்மிச் தன் ஃபோல்டர்களில் ஒரு மறைகோப்பைப் போட்டு வைத்து, எழும்போது அது இல்லையென்றால் ஓட மறுக்கும். அதை எழுதியவர்களும் எங்கோ சூடு பட்டவர்கள் போலிருக்கிறது. ஆனால் நீங்களாக எழுதும் பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்கு அந்தப் புத்தி கிடையாது. ஆகவே வெறும் நகலெடுப்பை விட்டுவிட்டு, ரெஸ்டிக் போன்ற ஒன்றைப் போடுங்கள். ஒவ்வொரு நாளின் நிலையையும் தனித்தனிப் பதிவாக வைக்கும். மாறாததை மறுபடி சேமிக்காது. ஒரு ராத்திரி காலியாகப் பதிவானாலும் முந்தின நாள் பதிவு அப்படியே இருக்கும். அதன் கடவுச்சொல் தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்தது. அதனால் அதைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். படக் கோப்புகள் மட்டும் போதாது. ஆல்பங்கள், முகங்களுக்கு நீங்கள் வைத்த பெயர்கள் எல்லாம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. இம்மிச் அந்தத் தரவுத்தளத்தைத் தினமும் 2 மணிக்கு ஒரு கோப்பாக இறக்கி, பேக்கப்ஸ் என்ற ஃபோல்டரில் கடைசி 14-ஐ வைத்திருக்கும். அமைப்பை மாற்றாதவரை இது தானாக நடக்கும். ஆனால் அது இருப்பதும் படங்கள் இருக்கும் அதே டிஸ்க்கில்! எனவே அந்த ஃபோல்டரையும் சேர்த்து வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். சிறுபடங்களையும் மாற்றிய வீடியோக்களையும் விட்டுவிடலாம், திரும்ப உருவாக்கிக்கொள்ளும். வெளி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று லேப்டாப்போடு, ஒன்று மாமனார் வீட்டுப் பீரோவில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொண்டு வந்தால், திருட்டுக்கும் இடிமின்னலுக்கும் கூடப் பதில் இருக்கும்.

லேப்டாப்பைத் தேர்ந்தது நல்லது. பேட்டரியே யூபிஎஸ் ஆகிவிடுகிறது. நான்கைந்து விஷயம் மட்டும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று லேப்டாப்பைச் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். ஆடினால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வெளி யூபிஎஸ் போடுங்கள். உப்பாவிட்டால் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா பார்த்து இயக்குங்கள். மூடியை மூடினால் தூங்கும் அமைப்பை நிறுத்துங்கள். வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள். லேப்டாப்புக்கு எப்போதும் ஒரே உள் முகவரி கிடைக்கும்படி ரவுட்டரில் ஒதுக்கி வையுங்கள். கரண்ட் போகும்போது லேப்டாப் மட்டும் விழித்திருந்து பயனில்லை. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் ஒன்று தேவை.

மின்செலவைக் கணக்காளருக்கு நான் போட்டுக் காட்ட வேண்டியதில்லை, ஆனாலும்: திரை அணைந்த லேப்டாப் 12 வாட் இழுத்தால் 60 நாளுக்கு 17 யூனிட் சொச்சம். பழைய டெஸ்க்டாப் 60 வாட் இழுத்தால் 86 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டை அது ஒன்றே கிட்டத்தட்ட விழுங்கிவிடும்.

கூகுளிலிருந்து படங்களை எப்படி இறக்கினீர்கள் என்று எழுதவில்லை. டேக்அவுட் என்ற கூகுளின் இறக்கும் வசதி வழியாக வந்த சிப் (zip) கோப்புகளைச் சும்மா பிரித்துப் போட்டிருந்தால், ஒரே தேதியில் நூற்றுக்கணக்கான படங்கள் குவிந்திருக்கும். பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்தவையாக இருக்கும். அதில் அனுப்பும் படத்திலிருந்து எடுத்த தேதி உதிர்ந்துவிடுகிறது. கூகுள் வைத்திருக்கும் தேதி ஒவ்வொரு படத்தோடும் வரும் தனி ஜேசன் (JSON) கோப்பிலும், ஆல்பம் விவரம் அந்த ஆல்பத்தின் ஃபோல்டரிலும் இருக்கும். இம்மிச்-கோ என்ற கருவி சிப்பைப் பிரிக்காமலே இவற்றையெல்லாம் படங்களோடு சேர்த்துப் படித்து ஏற்றும். மகனிடம் கொடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

இனி மெயில். வேண்டாம். நான் பல வருடமாக வீட்டில் சர்வர் வைத்திருக்கிறேன். என் மெயில் வீட்டில் இல்லை. மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் 25-ஆம் போர்ட்டை வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் அடைத்து வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினாலும், வீட்டு ஐபி வரிசைகள் ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் ஏற்கெனவே இருக்கும். அனுப்பியவர் நீங்கள்தான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகளையெல்லாம் சரியாக எழுதி வைத்தும், நீங்கள் அனுப்பியது எதிராளியின் ஸ்பாமில் கிடக்கும். அது உங்களுக்குத் தெரியக்கூட வராது. படம் ஒரு நாள் திறக்காவிட்டால் வருத்தம்தான். வங்கியின் மெயில் வராவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சொந்தமாக ஒரு டொமைன் பெயர் மட்டும் வாங்கி, மெயிலை ஒரு கட்டணச் சேவையில் வையுங்கள். சேவை பிடிக்காவிட்டால் முகவரி மாறாமலே இடம் மாறலாம்.

மகனுக்குக் கை பரபரக்கும். அவனுக்குத் தீனியாக, வீட்டு வீடியோக்களைப் பார்க்க ஜெல்லிஃபின், விளம்பரங்களைத் தடுக்க பைஹோல் என்று எத்தனையோ இருக்கின்றன. உடைந்தால் யாரும் அழமாட்டார்கள். கடவுச்சொற்களை வைக்கும் வால்ட்வார்டனை மட்டும் ஒரு வருடம் கழித்துத் தொடச் சொல்லுங்கள். இம்மிச்சைத் தானாகப் புதுப்பிக்கவும் விடவேண்டாம். 2025 அக்டோபரில் இரண்டாம் பதிப்பு வந்தபோதுதான் அது நிலையானது என்று அறிவித்தார்கள்; அதற்கு முன் ஒரு அப்டேட்டில் உடைந்து எழுந்தவர்கள் உண்டு. வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு, பேக்கப் முடிந்த பிறகு, பகலில் செய்யுங்கள்.

இன்னும் இரண்டு வருடத்தில் அவன் கல்லூரிக்குப் போய்விடுவான். அதனால் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கி, எந்த டிஸ்க் எங்கே, எந்தக் கட்டளை எதற்கு, எந்தக் கடவுச்சொல் எந்தப் பத்திரத்தோடு என்று தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு விடுமுறை நாளில், நண்பரிடம் வேறொரு லேப்டாப்பை இரவல் வாங்கி, பேக்கப் டிஸ்க்கையும் அந்த நோட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் உட்காருங்கள், மகன் அல்ல. அவன் பக்கத்து அறையில் இருக்கட்டும், வாயைத் திறக்கக் கூடாது. எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தில் நோட்டில் ஒரு வரி கூடும். உங்கள் மனைவி தன் போனிலிருந்து அந்த இரவல் லேப்டாப்பில் ஒன்பது வருடத்துக்கு முந்தைய படம் ஒன்றைத் தேடி எடுத்துவிட்டால், அடுத்த மாதச் சந்தாவைக் கட்ட வேண்டாம்.