வாக்குத்தத்த அட்டையும் பத்தாம் வசனமும்
வேத வாசிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட அட்டை) எரேமியா 29:11 வந்தது: கர்த்தர் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனம். ஆகஸ்ட் ஆகியும் மகனுக்கு வேலை அமையவில்லை. அந்த வசனம் எங்களுக்கு உரியதல்லவா?
– ஒரு தாய், நாசரேத்

பதில்: அம்மா, அட்டையை எடுத்து வைத்துவிட்டு, எரேமியா 28, 29 இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597இல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கர்த்தருடைய பெயரிலேயே சொல்கிறான். கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும். எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. அது பத்தாம் வசனம். அதை அடுத்துத்தான் உங்கள் வசனம் வருகிறது. (எழுபது வருஷம் என்று அச்சிட்ட அட்டையை யார் எடுப்பார்கள்?)

கடிதம் வந்தபோது நாற்பது வயதில் இருந்தவர் ஊர் திரும்பியிருக்க வழியில்லை. ஆனாலும் அவர்களிடம்தான், ‘உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்’ என்கிறார் கர்த்தர். வசனம் உங்களுக்கும் ஆறுதல்தான். கர்த்தர் உங்களை மறக்கவில்லை என்று அதைப் பற்றிக்கொள்ளலாம். டிசம்பருக்குள் வேலை என்று மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை. அப்படித் தேதி குறித்துச் சொல்ல யாராவது வந்தால், பொய்த் தீர்க்கதரிசிகளுக்குச் செவிகொடாதிருங்கள் என்று எச்சரிக்கும் 8, 9 வசனங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் செய்யவேண்டியதை 5 முதல் 7 வரையுள்ள வசனங்கள் சொல்கின்றன: வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய், நீ இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி ஜெபம் பண்ணு. அது சத்துருவின் பட்டணம் என்பதை மறக்கவேண்டாம். எனவே, ‘கர்த்தர் வைத்திருக்கும் வேலை வரட்டும்’ என்று மகன் வீட்டிலேயே இருப்பது இந்த வசனத்துக்குப் பொருந்தாது. படிப்புக்குக் குறைந்த வேலை கிடைத்தாலும் சேரட்டும்; அங்கே நேர்மையாக உழைத்துக்கொண்டே அடுத்ததற்கு விண்ணப்பிக்கட்டும்.

கேள்வி: துக்க வீட்டில் எந்த வசனம் சொல்வது? ரோமர் 8:28 சொன்னேன். அந்தச் சகோதரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக’ என்பது சத்தியம்தான். ஆனால் அடக்கம்கூட ஆகாத வீட்டில் அதைச் சொன்னால், ‘அழாதே’ என்றுதான் காதில் விழும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகவே செய்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொன்ன பிறகுதான் தவறினார்கள்.

முதல் நாளில் வாசிக்கச் சொன்னால் 13ஆம் சங்கீதம் போதும். ஆறே வசனம், ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கிறது. துக்கம் மிகவும் கொடிதென்றால் 88ஆம் சங்கீதம். அது நம்பிக்கை வார்த்தையோடு முடிவதில்லை. முடிவில் நீங்களாக ஒன்றைச் சேர்க்காமல் அப்படியே விடுங்கள். 1 தெசலோனிக்கேயர் 4:13–18ஐ அடக்க ஆராதனைக்கு வைத்துக்கொள்ளலாம். அதுவும் துக்கப்படாதே என்று சொல்லவில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்படாதிருங்கள் என்கிறது.

பிறகு யாக்கோபு 2:15, 16. வெறுங்கையோடு ‘சமாதானத்தோடே போங்கள்’ என்பதால் பிரயோஜனமில்லை என்கிறது அந்தப் பகுதி. கூட்டம் கலைந்த இரண்டாம் வாரத்தில் போங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று அலைய ஆள் தேவைப்படும். கூடப் போய் வரிசையில் நில்லுங்கள்.

கேள்வி: வருஷத்துக்குள் வேதாகமத்தை முடிக்கத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் பிப்ரவரியில் நின்றுவிடுகிறேன். என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தினம் மூன்று அதிகாரம் என்றால் ஜனவரி 30இல் யாத்திராகமம் முடிந்து, மறுநாள் லேவியராகமம் தொடங்கும். பலர் நிற்பது அங்கேதான். விட்டுப்போன நாட்களையெல்லாம் ஒரே இரவில் சேர்த்து வாசிக்கப் பார்ப்பதும் ஒரு காரணம். பத்து அதிகாரம் ஓட்டியதில் ஒன்றும் மனதில் நிற்காது, மறுநாள் புத்தகத்தைத் தொடவே தோன்றாது. விட்ட நாளை விட்டுவிட்டு, அன்றைய பகுதியை வாசியுங்கள்.

இந்த வருஷம் புதிய ஏற்பாடு மட்டும் போதும். 260 அதிகாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். சனிக்கிழமை அந்த வாரத்தில் உறுத்திய ஒரு பகுதியைத் திரும்ப எடுங்கள். அது செய்யச் சொல்வதை ஒரே வரியில், யாருக்கு, எந்த நாளில் என்று நோட்டில் குறித்து வையுங்கள். ‘அன்பாயிருப்பேன்’ என்று எழுதினால் அடுத்த சனிக்கிழமை சரிபார்க்க முடியாது. ‘செவ்வாய்க்கிழமை மாமியாரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போவேன்’ என்று எழுதினால் முடியும்.