பழைய கார்புரேட்டர் வண்டி, பெட்ரோல் வாசனை: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1986 டொயோட்டா பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது. 22ஆர் இன்ஜின், கார்புரேட்டர். ஓட்டிப் பார்த்ததில் குறை இல்லை. ஆனால் ஸ்மாக் டெஸ்ட்டில் (கலிபோர்னியாவின் கட்டாய மாசுச் சோதனை) பெட்ரோல் ஆவிக் கசிவு சோதனையில் மட்டும் ஃபெயில். "கேனிஸ்டர் போயிருக்கும், மாற்றினால் சரியாகிவிடும். 400 டாலர் குறைத்துத் தருகிறேன், இருக்கிறபடியே எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் விற்பவர். எடுக்கலாமா?
(வாசகர், ஃப்ரிமான்ட், கலிபோர்னியா)

பதில்: வண்டியை எடுக்கலாம். அந்தப் பேரத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கலிபோர்னியாவில் 1976 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் பெட்ரோல் வண்டியைத் தனி நபர் ஒருவர் விற்றாலும், ஸ்மாக் சான்றிதழ் எடுத்துத் தர வேண்டியது விற்பவர்தான். அந்தச் சான்றிதழ் 90 நாள் செல்லும். 'இருக்கிறபடியே' என்று எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாலும் இந்தப் பொறுப்பு உங்கள் தலைக்கு வந்துவிடாது. ஆனால் பணத்தைக் கொடுத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு. சான்றிதழ் இல்லாமல் டிஎம்வி (மாநில வாகனப் பதிவுத் துறை) பெயர் மாற்றாது. பழுது பார்க்க மாநில அரசு தரும் உதவித் தொகையும் பெயர் மாற்றத்தில் இருக்கும் வண்டிக்குக் கிடையாது. ஆகவே "பாஸ் செய்து கொண்டுவாருங்கள், நீங்கள் கேட்ட முழு விலையையும் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அவர் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, கேனிஸ்டர் போயிருக்கும் என்ற கதை. டாங்கிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதைக் காற்றில் விடாமல் கரி நிரப்பிய டப்பா ஒன்று பிடித்து வைத்துக்கொள்கிறது; அதுதான் கேனிஸ்டர். இன்ஜின் சூடாகி வண்டி ஓடும்போது இன்ஜினின் வேக்யூம் (உறிஞ்சும் விசை) அந்த ஆவியை உள்ளே இழுக்க, அது எரிந்துவிடும். கலிபோர்னியாவில் 1970 மாடலிலிருந்து, நாடு முழுவதும் 1971 மாடலிலிருந்து இந்த ஏற்பாடு கட்டாயம். இப்போது உங்கள் வண்டி ஃபெயிலான சோதனைக்கு வருவோம். 1976 முதல் 1995 வரையான வண்டிகளுக்கு உள்ள சோதனை அது. டாங்கிலிருந்து வரும் ஆவிக் குழாயைக் கேனிஸ்டருக்குப் பக்கத்தில் கிளாம்ப் போட்டு அடைத்துவிட்டு, பெட்ரோல் ஊற்றும் வாய் வழியாக மிக லேசான அழுத்தம் கொடுத்து, அது நிற்கிறதா என்று பார்ப்பார்கள். கிளாம்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேனிஸ்டர் இந்தச் சோதனைக்குள்ளேயே வருவதில்லை! புதுக் கேனிஸ்டரை வாங்கி மாட்டினாலும் அதே ரிசல்ட்தான் வரும்.

கசிவு டாங்கிலிருந்து அந்தக் கிளாம்ப் வரைக்கும்தான். டாங்க் மூடியைத் தனியாகச் சோதிப்பார்கள். அதன் முடிவு ரிப்போர்ட்டில் தனியாக இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். மூடிதான் காரணம் என்றால் அதிர்ஷ்டம், மலிவாக முடிந்துவிடும். இல்லையென்றால் வண்டிக்கு அடியில் டார்ச்சுடன் படுக்க வேண்டியதுதான். பெட்ரோல் ஊற்றும் வாயையும் டாங்கையும் இணைக்கும் தடித்த ரப்பர் ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். நாற்பது வருட ரப்பர் என்றால் மடிப்பில் மயிரிழை வெடிப்புகள் வாய் திறக்கும். அதன் பக்கத்திலேயே ஓடும் சின்ன ஹோஸும் அப்படித்தான். டாங்கின் மேல்பக்கம் ஹோஸ் ஏறும் இரும்பு முனைகள் துரு அரித்திருந்தால் டாங்கை இறக்காமல் வேலை ஆகாது. அப்போது 400 டாலர் போதாது. ஹோஸ் மாற்றுவதாக இருந்தால் பெட்ரோல் ஆவிக்கு ஏற்றது என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண வேக்யூம் ஹோஸ் சீக்கிரமே ஊறிப்போய்விடும். கசிவைக் கண்டுபிடிக்கிறேன் என்று கம்ப்ரெஸர் காற்றை டாங்கில் விடாதீர்கள், டாங்க் உப்பிவிடும்.

அதற்காகக் கேனிஸ்டர் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்ஜின் சூடாகி ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் மெதுவாக) ஓடும்போது, கேனிஸ்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் உறிஞ்சு குழாயை இடுக்கியால் மெதுவாக நசுக்குங்கள். இன்ஜின் ஓட்டம் சட்டென்று சீரானால், உறிஞ்சக்கூடாத நேரத்தில் அது உறிஞ்சுகிறது என்று பொருள். குழாயை இடம் மாற்றி மாட்டியிருக்கலாம், அல்லது கூலன்ட் சூட்டில் திறக்கும் வேக்யூம் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் வேக்யூம் வரைபடத்தோடு ஒவ்வொரு குழாயையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சரியான வழி. என் அபிப்பிராயத்தில், பழைய வண்டிகளில் பாகம் கெட்டுப்போவதைவிட முன்னாள் உரிமையாளர்கள் கைவைத்துக் கெடுத்தது அதிகம். இந்த மாடலில் இன்னொன்றும் உண்டு: சாவியைத் திருப்பும்போது கார்புரேட்டர் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். கிண்ணத்து ஆவியைக் கேனிஸ்டருக்குத் திருப்பிவிடும் சின்ன வால்வு அது. சத்தமே இல்லையென்றால், இன்ஜினை அணைத்துச் சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது மக்கர் பண்ணுவதற்கும் ஷெட்டில் வரும் வாசனைக்கும் காரணம் அங்கேயே இருக்கலாம்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் 2018 மாடல் பிஎஸ்-4 பைக் வாங்கினேன், கார்புரேட்டர் வண்டி. "அந்தக் கறுப்பு டப்பாவைக் கழட்டிப்போட்டா மைலேஜ் ஏறும் சார்" என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். மைலேஜ் ஏறாது. அந்தக் கறுப்பு டப்பாதான் கேனிஸ்டர், வீணாகப் போகும் ஆவியைத் திரும்ப இன்ஜினுக்கே கொடுப்பது; அதைக் கழற்றி எப்படி மிச்சம் பிடிப்பது? பெரும்பாலும் டப்பாவைத் தூக்கிவிட்டு குழாய்களைச் சரியாக அடைக்காமல் விட்டுவிடுவார்கள். இன்ஜின் பக்கக் குழாய் திறந்து கிடந்தால் கூடுதல் காற்று புகுந்து ஐடில் நிற்காது. டாங்க் பக்கத்தை அடைத்துவிட்டால் டாங்க் மூச்சு விட முடியாது. அரை மணி ஓட்டியதும் வண்டி இழுத்து இழுத்து நின்றுபோகும். டாங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், உடனே ஸ்டார்ட் ஆகும். இந்த அறிகுறி இருந்தால் கார்புரேட்டரைப் பிரிக்க விடாதீர்கள், மூடியையும் குழாயையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பியூசி சோதனை புகைக்குழாயை மட்டும்தான் பார்க்கும் என்பதால் டப்பா இல்லாமலும் சான்றிதழ் கிடைத்துவிடும், அது உண்மைதான். ஆனாலும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது.

அப்புறம், பங்கில் வாய் வரைக்கும் தளும்பத் தளும்ப நிரப்புவதை நிறுத்துங்கள். வெயிலில் சைடு ஸ்டாண்டில் நிறுத்தும்போது பெட்ரோல் விரிந்து டப்பாவுக்குப் போகும் ஆவிக் குழாய்க்குள் இறங்கும், கரி நனைந்துவிடும். நனைந்த டப்பா கனமாக இருக்கும், உலுக்கினால் உள்ளே சலசலக்கும். அதற்கு ஒரே வழி டப்பாவை மாற்றுவதுதான்.

கேள்வி: என்னிடம் 1974 பீட்டில் இருக்கிறது. 1975 வரையான வண்டிக்கு ஸ்மாக் டெஸ்ட் கிடையாதே, ஆவிக் குழாய்களையெல்லாம் எடுத்துவிடலாமா? முன் சீட்டில் பெட்ரோல் வாசனை தாங்கவில்லை.
(வாசகர், சன்னிவேல், கலிபோர்னியா)

பதில்: டெஸ்ட் இல்லை என்பது சரி, பாகத்தைக் கழற்ற அனுமதி உண்டு என்று அதற்கு அர்த்தமில்லை. வாசனைக்கும் கேனிஸ்டருக்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது. உங்கள் கேனிஸ்டர் பின்பக்கம், வலது மட்கார்டுக்கு அடியில் இருக்கிறது. டாங்க்தான் முன்பக்கம். முன் டிக்கியைத் திறந்து டாங்குக்கு மேலே, கண்ணாடியை ஒட்டி ஓடும் சின்ன ரப்பர் குழாய்களைப் பாருங்கள், பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும். அவற்றை மாற்றினாலே போதும்.

வண்டி நிற்கும் கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் இன்றைக்கே செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் ஹீட்டர் சுடரைப் பிடித்துவிடும். மாற்றி முடிக்கும் வரை வண்டி வெளியிலேயே நிற்கட்டும்.