போக்கரில் ஓயாமல் பெட் ஏற்றுபவரை எப்போது கால் செய்வது?

பெருந்துறையில் நண்பர்களோடு புளியங்கொட்டை வைத்து டெக்சாஸ் ஹோல்டெம் (கையில் இரண்டு கார்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து கார்டு வரும் போக்கர்) ஆடுவதாகவும், ஒருவர் எந்தக் கையிலும் பெரிதாக பெட் (பந்தயம்) போட்டு எல்லோரையும் ஃபோல்ட் பண்ண (கையை விட்டு விலக) வைப்பதாகவும் சொல்லி, அவரை எப்போது கால் செய்வது (அவர் போட்ட அளவே நாமும் வைத்து ஆட்டத்தில் நிற்பது) என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நடுவில் 60 கொட்டை கிடக்கிறது. கடைசிக் கார்டு வந்தபின் அவர் இன்னும் 60 போடுகிறார். நீங்கள் 60 வைத்தால் கிடைப்பது 120. மூன்று தடவையில் ஒரு தடவை உங்கள் கை ஜெயித்தாலே நட்டமில்லை. அவர் 30 மட்டும் போட்டால் நான்கில் ஒன்று போதும். ஜெயிப்போம் என்ற நிச்சயம் வரும்வரை காத்திருப்பதுதான் பெரிய தவறு.

அடுத்து, மேசையைப் பாருங்கள். முதல் மூன்று கார்டில் இரண்டு ஆர்ட்டின் வந்து, மூன்றாவது கடைசிவரை வராவிட்டால் அவரிடம் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து கார்டு) கைகூடாத கைகள் நிறைய இருக்கும். அப்போது நடுத்தர ஜோடியை வைத்தே கால் செய்யலாம். உங்கள் கையிலேயே ஆர்ட்டின் இருந்தால் அந்த வாய்ப்பு குறையும், கொஞ்சம் யோசியுங்கள்.

கோபியில் எங்கள் மாமா ஒருவர் இப்படித்தான் ஆடுவார். பொங்கல் லீவு முழுக்க அவரிடம் ஃபோல்ட் செய்துகொண்டே இருந்தேன். அப்புறம் அவர் திறந்து காட்டும் கைகளைக் கவனித்தேன். நான்காவது கார்டு வரைதான் வெறுங்கையோடு மிரட்டுவார். ஐந்தாவதிலும் அடித்தால் உண்மையிலேயே கை இருக்கும். உங்கள் நண்பரையும் அப்படிக் கவனியுங்கள்.

நல்ல கை வந்தால் உடனே ஏற்றாதீர்கள். சும்மா கால் செய்தால் அவரே மேலும் போடுவார்.