அலுவலகக் கூட்டம் என்றாலே படபடப்பு: இதயக் கோளாறா?

கேள்வி: என் வயது 34. கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சில மாதங்களுக்கு முன், அறிக்கையில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டிய சக ஊழியரை மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் திட்டினார். அதிலிருந்து கூட்டம் என்றாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது. தவறு கண்ணில் பட்டாலும் சொல்லாமல் இருந்துவிடுகிறேன். இசிஜி, தைராய்டு பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. நான் கோழையா? இதயத் துடிப்பைக் குறைக்க நண்பர் சொல்லும் ப்ரோப்ரனலால் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் கோழை இல்லை. ஒருவர் அவமானப்பட்டதைப் பார்த்தே, இங்கே பேசினால் ஆபத்து என்று உங்கள் மூளை கற்றுக்கொண்டது. அச்சத்தை உணரும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி உசுப்பப்பட்டதும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உமிழ்நீர் குறைகிறது. யோசித்துப் பேச உதவும் மூளையின் முன்பகுதி அந்த நேரத்தில் மந்தமாகிவிடுகிறது. தெரிந்த விஷயம்கூட நாக்கில் வராமல் போவது இதனால்தான்.

ஆகவே உங்கள் மௌனத்தில் அலுவலகச் சூழலுக்கும் பங்கு உண்டு. 1990களில் அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன், மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவானதோ அங்கேதான் அதிகம்! அவர்கள் கூடுதலாகத் தவறு செய்ததாக அதற்குப் பொருளில்லை. பயமின்றி வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். கேள்வி கேட்டாலோ தவறை ஒப்புக்கொண்டாலோ தலைகுனிவு நேராது என்று குழுவில் உள்ளவர்கள் நம்புவதைத்தான் உளவியல் பாதுகாப்பு என்கிறோம். மருத்துவத்தில் அது இல்லாவிட்டால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. மேலாளர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லிக்கொள்கிறேன்: உங்கள் அறையில் எவரும் தவறே சொல்வதில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள், கவலைப்படுங்கள்.

கூட்டத்துக்கு முன் சொல்ல வேண்டியதை இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஒரு சக ஊழியரிடம் அதை முதலில் பேசிப் பாருங்கள். "இந்த எண்ணை மறுபடி சரிபார்க்கலாமா?" என்று கேள்வியாகத் தொடங்குவது எளிது. மூச்சை இழுப்பதைவிட மெதுவாக வெளியே விட்டால் துடிப்பு கொஞ்சம் தணியும். இவ்வளவு செய்தும் மேலாளர் மாறாவிட்டால் மனிதவளப் பிரிவிடம் பேசுவதும், வேறு பிரிவுக்கு மாறுவதும் உங்கள் உடல்நலத்துக்கான முடிவுகளே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைகளிலும் விருந்துகளிலும்கூட இதே பயம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம்; நல்ல சிகிச்சை உண்டு, மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ப்ரோப்ரனலாலை நீங்களாகப் போட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். ஏற்கெனவே நாடித்துடிப்பு குறைவாக உள்ளவர்களுக்கும் ஆபத்து. மாடிப்படி ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ இசிஜி இயல்பு என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதே வீண் என்ற எண்ணம் ஒருமுறை எழுந்தாலும் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரையும் உடன் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.