வாசகர் கேள்வி – பதில்: புரோமோட்டரில் கத்தி வைக்கும்போது

கேள்வி: மரபணுவை வெட்டினால் அது செயலிழந்துவிடுமே! அதன் கட்டுப்பாட்டை எப்படி ஆராய்வது? (மாணவி, மதுரை)

பதில்: புரதத்துக்கான பகுதியைத் தொடாதீர்கள், அதற்கு முன்னால் சுவிட்ச் போல உள்ள டிஎன்ஏ பகுதியான புரோமோட்டரை வெட்டுங்கள். புரதம் அப்படியே இருக்கும். எங்கே, எப்போது, எவ்வளவு உருவாகிறது என்பதுதான் மாறும்.

தக்காளியின் சிஎல்வி3 மரபணுவைப் பாருங்கள். குருத்து நுனியில் ஸ்டெம் செல்கள் மிகுந்துவிடாமல் அடக்குவது இதன் வேலை. அடக்கம் தளர்ந்தால் நுனி பருக்கும், பழத்தில் விதையறைகள் கூடும். செர்ரி தக்காளியைக் குறுக்கே நறுக்கினால் பெரும்பாலும் இரண்டே அறை; மடிப்பு மடிப்பான பெரிய ரகங்களில் எட்டுக்கு மேலும் எண்ணலாம். இதற்கு ஒரு காரணம், சுமார் 2,94,000 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டு தலைகீழாகத் திரும்பியதில் சிஎல்வி3-இன் புரோமோட்டர் முறிந்தது. 2017-இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் சக்கரி லிப்மன் குழு இதே புரோமோட்டரில், டிஎன்ஏவை வெட்டும் காஸ்9 நொதிக்கு (கிரிஸ்பர் முறை) வெட்டுமிடம் காட்டும் 8 வழிகாட்டி ஆர்என்ஏக்களை ஒருசேர ஏவி, அறை எண்ணிக்கை படிப்படியாக மாறும் பல வகைகளை எடுத்தது.

கேள்வி: ஒரு வழிகாட்டி போட்டோம். டிஎன்ஏ மாறிவிட்டது, செடி மாறவில்லையே? (ஆய்வு மாணவர், கோவை)

பதில்: மாறியிருந்தால்தான் ஆச்சரியம். காஸ்9 வெட்டிய இடத்தைச் செடி ஒட்டும்போது பெரும்பாலும் ஓரிரு எழுத்துதான் போகும், அல்லது கூடும். புரதப் பகுதி மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவதால், ஓர் எழுத்து போனாலே வாசிப்பு குலைந்துவிடும். புரோமோட்டரில் அப்படிக் குலைய எதுவும் இல்லை. கட்டுப்பாட்டுப் புரதம் அமரும் இடங்களோ சின்னவை, ஒன்று போனால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். ஆகவே 2,000 எழுத்துக்கு 6 முதல் 8 வழிகாட்டிகள், 200–300 எழுத்து இடைவெளியில். இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் உள்ள துண்டு கழன்று போனால்தான் ஏதாவது தெரியும்.

முதலில் உங்கள் ரகத்தின் புரோமோட்டரையே வரிசைப்படுத்திப் பாருங்கள். இணையத்தில் கிடைப்பது வேறு ரகத்தினுடையதாக இருக்கலாம். காஸ்9 வெட்டுவதற்கு அருகில் இருக்க வேண்டிய மூன்றெழுத்து அடையாளம் என்ஜிஜி; வழிகாட்டியின் அந்தப் பக்கத்து நுனியில் ஓர் எழுத்து பொருந்தாவிட்டாலும் வெட்டு பெரும்பாலும் விழாது. திரும்பத் திரும்ப வரும் வரிசைகளையும் தவிருங்கள். மரபணுத் தொகுதி முழுக்க வெட்டு விழும்.

கேள்வி: பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) ஒரே பட்டை. மரபணுவின் இரண்டு பிரதியும் ஒன்று என்று விதை எடுத்தால் அடுத்த தலைமுறை வேறு வேறு வகையாகப் பிரிகிறது! (பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: ஒரு பிரதியில் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டும் இடமே கழன்று போயிருக்கும். அந்தப் பிரதி பெருகாது, மற்றது மட்டும் தெரியும். பிரைமர்களைக் கடைசி வழிகாட்டிக்கு வெளியே குறைந்தது 500 எழுத்து தள்ளி வையுங்கள். நடுத்துண்டு தலைகீழாக ஒட்டியிருந்தால் பட்டையின் அளவு மாறாது; வரிசைப்படுத்தினால்தான் பிடிபடும். முதல் தலைமுறைச் செடியில் காஸ்9 இன்னும் வெட்டிக்கொண்டிருப்பதால் இலைக்கு இலை வேறுபடலாம். காஸ்9 இல்லாத சந்ததியில்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று பார்க்க இலையில் சிஎல்வி3-இன் ஆர்என்ஏ அளந்தால் எல்லாச் செடியும் ஒன்றுபோலவே இருக்கிறது. (அதே வாசகர்)

பதில்: சிஎல்வி3 வேலை செய்வது குருத்து நுனியில், இலையில் தேடிப் பயனில்லை. ஒரே வளர்ச்சிப் பருவத்தில் நுனிகளை நுண்ணோக்கியின் கீழ் கீறியெடுத்து, பல செடிகளுடையதைச் சேர்த்து, மூன்று தனி மாதிரிகளாக அளவிடுங்கள். ஆனால் அந்த எண்ணை வைத்து வகைகளைக் கழிக்காதீர்கள். லிப்மன் குழுவின் வகைகளிலேயே ஆர்என்ஏ அளவும் அறை எண்ணிக்கையும் நேர்கோட்டில் போகவில்லை. பழத்தை நறுக்கி எண்ணிய பிறகு கழியுங்கள்.