மாசுபட்ட நிலம்: தூய்மைப்படுத்தும் செலவு யாருடையது?

கேள்வி: மூடப்பட்ட ரசாயன ஆலைகள் இருந்த மனைகள் நகரங்களின் நடுவே ஆண்டுக்கணக்கில் வெறுமனே கிடக்கின்றன. நச்சை அகற்றிவிட்டு வீடு கட்டுமாறு அரசு உத்தரவிட்டால் போதாதா?

பதில்: உத்தரவு மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவே சான்று. நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கால்வாயில் 20,000 டன்னுக்கும் மேற்பட்ட ரசாயனக் கழிவு புதைக்கப்பட்டிருந்தது. 1953இல் அந்த நிலம் ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கைமாறியது. அங்கே பள்ளி எழுந்தது, சுற்றிலும் வீடுகள் பெருகின. கழிவு கசிந்து வீடுகளின் நிலவறைகளுக்குள் புகுந்த பிறகு, 1978இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டுக் குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. இதன் தாக்கத்தில்தான் 1980இல் ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டம் பிறந்தது.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற அச்சட்டத்தின் அடிப்படை நியாயமானது; அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், மாசுபடுத்தாத இன்றைய உரிமையாளர்மீதும் பொறுப்பு விழக்கூடும் என்று அது அமைந்ததால், மாசு இருக்கலாம் என்ற வெறும் ஐயத்துக்கு உள்ளான மனைகளைக்கூட வாங்குவோர் ஒதுக்கினார்கள், வங்கிகளும் கடன் தரத் தயங்கின. நகரத்துக்குள் நிலம் கிடக்க, புதிய கட்டடங்கள் புறநகர் விளைநிலங்களில் எழுந்தன. 2002இல் வந்த சட்டம், வாங்கும் முன் நிலத்தின் வரலாற்றை முறைப்படி ஆராய்ந்து, வாங்கிய பின்னும் உரிய கவனத்துடன் நடந்துகொள்பவருக்குப் பொறுப்பிலிருந்து பாதுகாப்பு அளித்ததோடு, ஆய்வுக்கும் தூய்மைப்பணிக்கும் மானியம் வழங்கவும் வழிசெய்தது. மாசுபடுத்தியவரை விடாமல் பிடிப்பதும், நேர்மையாக வாங்குபவரைக் காப்பதும் ஒரே சட்டத் தொகுதிக்குள் இடம்பெற வேண்டும்.

கேள்வி: எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்த வேண்டும்?

பதில்: நிலத்தை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. பிரிட்டன் இந்த வழியையே பின்பற்றுகிறது: நச்சு, அது பரவும் பாதை, பாதிக்கப்படுபவர் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. குழந்தைகள் மண்ணைத் தொட்டு விளையாடும் தோட்டத்துக்குத் தேவையான தரம் வாகன நிறுத்துமிடத்துக்குத் தேவைப்படாது; அங்கே மண்ணை இறுக மூடிவிட்டாலே பல வேளைகளில் போதும். செலவைக் கட்டுக்குள் வைக்கும் இந்த அணுகுமுறையை நான் ஏற்கிறேன். ஆயினும் நச்சு அங்கேயே தங்கியிருப்பதால், பயன்பாட்டுக் கட்டுப்பாடுகள் நிலப்பத்திரத்திலேயே பதிவாக வேண்டும்; நிலத்தடி நீரைப் பல்லாண்டுகள் சோதிப்பதற்கான நிதியைக் கட்டுமானம் தொடங்கும் முன்பே ஒதுக்காத திட்டத்துக்கு எந்த அரசும் அனுமதி வழங்கக் கூடாது.