அறுபதுகளின் ஆங்கில ராக் குழுவான பீட்டில்ஸ் பிரிந்த பிறகு அதன் நான்கு பேரும் தனித்தனியாகப் போட்ட ஆல்பங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்'. 1970 நவம்பரில் வந்தது, ஒரே பெட்டியில் மூன்று இசைத்தட்டு. இந்தக் கேள்வியை எந்த பீட்டில்ஸ் ரசிகரிடம் கேட்டாலும் இது இல்லையென்றால் பால் மெக்கார்ட்னியின் 'ராம்', 'பேண்ட் ஆன் த ரன்', ஜான் லெனனின் 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' என்று இந்த நாலைந்துக்குள்தான் சுற்றுவார்கள். அவையெல்லாம் எனக்கும் பிடிக்கும், கீழே சொல்கிறேன். ஆனால் ஜார்ஜை நான் கேட்ட விதம் கொஞ்சம் கோணலானது, அதைச் சொல்லாமல் பதில் முழுமையாகாது.

என் மாமா, அம்மாவின் தம்பி, காவேரிப்பட்டணத்தில் மைக் செட் வைத்திருந்தார். பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு வருடம் அவரோடுதான் இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, எதுவானாலும் என் வேலை ஒயர் இழுப்பது, வேப்பமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, கேசட் திருப்பிப் போடுவது. அந்த சமயத்தில் பெங்களூரில் வேலை பார்த்த பெரியப்பா மகன் ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தான். அவன் அறையில் கூட இருந்தவர் யாரோ பதிவு செய்தது, 90 நிமிட காலி கேசட், மேலே பேனாவில் 'ஜார்ஜ்' என்று மட்டும் எழுதியிருந்தது. பீட்டில்ஸில் ஒருத்தர் பாடியது என்றான். பீட்டில்ஸ் என்ற பெயர் தெரியும், பாட்டு ஒன்றும் தெரியாது. அதாவது அந்தக் குழுவைக் கேட்பதற்கு முன்னாலேயே குழுவை விட்டு வெளியே வந்த ஆளைக் கேட்டுவிட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை. ஆல்பம் முழுதாக நூறு நிமிடத்துக்கு மேல் ஓடும். முதல் இரண்டு தட்டும் தலா நாற்பது நிமிடத்துக்குள் முடிவதால் 90 நிமிட கேசட்டின் இரண்டு பக்கத்திலும் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. மூன்றாவது தட்டு என்று ஒன்று இருப்பதே எனக்குப் பல வருடம் தெரியாது. அது 'ஆப்பிள் ஜாம்', கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் போன்ற நண்பர்களோடு ஸ்டுடியோவில் சும்மா வாசித்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டிருக்கிறார்கள். பின்னால் தேடிப்பிடித்துக் கேட்டபோது, பதிவு செய்து கொடுத்தவர் சரியான ஆள்தான், வேண்டியதை மட்டும் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இதற்காக என்னிடம் சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

சரி, ஏன் இந்த ஆல்பம். பீட்டில்ஸில் பாட்டு எழுதுவது என்றால் ஜானும் பாலும்தான். ஒரு ஆல்பத்தில் ஜார்ஜுக்கு ஒன்று கிடைக்கும், இரண்டு கிடைக்கும், 'ரிவால்வர்' ஆல்பத்தில் மூன்று கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் அவர் எழுதிக்கொண்டேதான் இருந்தார். 'இஸன்ட் இட் எ பிட்டி' 1966லேயே எழுதியது, அங்கே எடுபடவில்லை. 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பாட்டையே 1969 ஜனவரியில் நான்கு பேரும் சேர்ந்து திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள், அதையும் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. அதே மாதம் 10ஆம் தேதி ஜார்ஜ் கோபித்துக்கொண்டு ஒத்திகையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். போனவர் அன்றைக்கே 'வா-வா' என்று ஒரு பாட்டு எழுதினார், அதுவும் இதில் இருக்கிறது. இப்படித் தேங்கித் தேங்கி நின்றதெல்லாம் குழு உடைந்ததும் எங்கள் கிருஷ்ணகிரி பக்கத்து கேஆர்பி அணையில் ஷட்டரைத் தூக்கினது போல ஒரே பெட்டியில் வந்து விழுந்தது. எழுதியதும் சுடச்சுட வெளியே வந்த பாட்டுக்கும் மூன்று நான்கு வருடம் வரிசையில் நின்ற பாட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. 'இஸன்ட் இட் எ பிட்டி' ஏழு நிமிடம் அவசரமே இல்லாமல் நடக்கும், போதாததற்கு அதே பாட்டின் இன்னொரு வடிவமும் நாலாவது பக்கத்தில் இருக்கிறது. ஒரே ஆல்பத்தில் ஒரே பாட்டை இரண்டு தடவை போட யாருக்கு மனசு வரும்? அவ்வளவு நாள் காத்திருந்த ஆளுக்கு வரும்.

இனி மார்கழிக் கதை. 1996 என்று ஞாபகம். பக்கத்து கிராமத்தில் ஒரு பெருமாள் கோயில், மாதம் முழுக்க விடிகாலை நாலரைக்கு செட் போட வேண்டும். சுப்ரபாதம், திருப்பாவை, அப்புறம் பொதுவான பக்திப் பாட்டு, இதுதான் வரிசை. ஒரு நாள் சுப்ரபாத கேசட் டெக்கில் சிக்கி நாடா முழுக்க வெளியே வந்துவிட்டது. குளிரில் விரல் விறைத்துப்போய் பென்சிலை விட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறேன், மாமா வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார், குழாய் இரண்டு நிமிடமாக ஊமையாக இருக்கிறது. கைக்கு வந்ததைப் போடுவோம் என்று ஸ்வெட்டர் பையில் இருந்த ஜார்ஜைச் சொருகினேன். 'மை ஸ்வீட் லார்ட்' முதல் பக்கத்தில் இரண்டாவது பாட்டு, அதன் தொடக்கத்தில்தான் முந்தின நாள் நிறுத்தியிருந்தேன். கிட்டார் ஆரம்பித்தது, மெதுவான குரல், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பாட்டு தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். பின்பாட்டுக்காரர்கள் 'ஹல்லேலூயா' என்று ஆரம்பித்தார்கள்.

மாமா ஓடிவந்தார். "டேய் மாப்ள, பெருமாள் கோயில்ல சர்ச் பாட்டாடா போடறே, நாளைக்கு நமக்கு இங்க வேலை இருக்குமா" என்று கேட்டுக்கொண்டே ஆம்ப்ளிஃபையரில் கை வைக்கப் போன நேரத்தில் பின்பாட்டு 'ஹரே கிருஷ்ணா'வுக்கு மாறியது. அதற்கப்புறம் 'குருர் பிரம்மா, குருர் விஷ்ணு'. மாமா கையை எடுத்துவிட்டார். உள்ளேயிருந்து பட்டர் எட்டிப் பார்த்து, "யார் பாடினா என்னப்பா, பேர் அவன் பேர்தானே, ஓடட்டும்" என்றார்.

ஜார்ஜே இதைத் திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறார் என்று பின்னால் படித்தேன். மேற்கே கேட்கிறவர்கள் ஹல்லேலூயாவுக்குக் கூடப் பாட ஆரம்பித்துவிடுவார்கள், சுதாரிப்பதற்குள் ஹரே கிருஷ்ணா பாடிக்கொண்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான் என்று காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். எங்கள் ஊரில் அது தலைகீழாக வேலை செய்தது, அவ்வளவுதான். அந்தப் பின்பாட்டுக் கூட்டமும் பெரும்பாலும் ஜார்ஜ் குரலே, மேலே மேலே பதிவு செய்து அட்டையில் வேடிக்கையாக ஒரு குழுப் பெயர் போட்டுவிட்டார். குழுவிலிருந்து வெளியே வந்தவர்களில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த முதல் தனிப்பாட்டும் இதுதான். ஆனால் நிம்மதியாக அனுபவிக்க விடவில்லை. 'ஹீ இஸ் சோ ஃபைன்' என்ற 1963 பாட்டின் மெட்டு என்று வழக்கு வந்தது, தெரியாமல் மனதில் ஊறியதை எடுத்திருக்கிறார் என்று 1976இல் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது. பாட்டைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு விஷயம், இது மைக் செட்டுக்காரன் மட்டும் சொல்லக்கூடியது. இந்த ஆல்பத்தின் மேல் எல்லோரும் வைக்கிற குறை அதன் சத்தம். ஜார்ஜோடு சேர்ந்து தயாரித்தவர் பில் ஸ்பெக்டர். அவர் பாணியே ஒரே அறையில் நாலைந்து கிட்டார், இரண்டு டிரம், பியானோ, ஊதுகருவி எல்லாவற்றையும் ஒன்றாக வாசிக்கவிட்டு மேலே எதிரொலியை ஊற்றுவது, அதனால் 'வா-வா' மாதிரிப் பாட்டில் குரல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். ஜார்ஜுக்கே பின்னால் அது ஒத்துக்கொள்ளவில்லை, 2001 மறுவெளியீட்டில் சில பாட்டுகளை அந்தப் பெரிய ஆரவாரத்திலிருந்து விடுவிக்க ஆசை என்று எழுதினார். அதே வருடம் நவம்பர் 29இல் இறந்துவிட்டார். ஐம்பதாவது ஆண்டுக்காக அவர் மகன் தானி மேற்பார்வையில் 2021இல் புதிதாகக் கலந்து வெளியிட்டார்கள், குரலை முன்னால் கொண்டுவந்திருந்தார்கள். உலகமே அதைப் பற்றிப் பேசியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. குழாய் ஸ்பீக்கரில் பாஸ் என்கிற கீழ்த்தொனி வரவே வராது, எதிரொலியும் பாதி காற்றில் போய்விடும், மிஞ்சுவது குரலும் அந்த ஸ்லைடு கிட்டாரும்தான். தென்னந்தோப்புக்கு மேலே பனியில் அந்தக் கிட்டார் போய்க்கொண்டிருந்ததைக் கேட்டவன் நான், எனக்கு எதற்கு ரீமிக்ஸ்.

மற்றவர்களுக்கு வருகிறேன். பாலுக்குத்தான் பிரிந்த பிறகு அதிக வெற்றி, அதிக அடியும். 1971இல் 'ராம்' வந்தபோது விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், மனைவி லிண்டாவைச் சேர்த்துக்கொண்டு விளையாடுகிறார் என்றார்கள். இன்றைக்கு அதே ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைவிட 'பேண்ட் ஆன் த ரன்' பிடிக்கும், பாதி அதன் பின்கதைக்காக. 1973இல் நைஜீரியாவின் லாகோஸில் போய்ப் பதிவு செய்யலாம் என்று முடிவு செய்து எல்லாம் தயார், கிளம்பும் நேரத்தில் பாலின் புதுக் குழுவான விங்ஸில் இரண்டு பேர் வரமாட்டேன் என்று விலகிவிட்டார்கள். மிஞ்சின மூன்று பேர் போனார்கள். அங்கே பாலும் லிண்டாவும் இரவில் நடந்துபோனபோது கத்தியைக் காட்டி மிரட்டி, பாட்டுகளைப் பதிந்துவைத்திருந்த கேசட்டோடு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஞாபகத்திலிருந்தே மறுபடி உருவாக்கி, டிரம்ஸையும் தானே வாசித்து முடித்தார். ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறவர்களுக்கு இந்த வலி தெரியும், கச்சேரி அன்றைக்கு மாலை டிரம்மர் போனை எடுக்கமாட்டார்.

ஜானின் 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' ஜார்ஜின் பெட்டி வந்து இரண்டு வாரத்தில் வந்தது. அங்கே கூட்டமே இல்லை, ஜான், பீட்டில்ஸின் நாலாவது ஆளான ரிங்கோ ஸ்டாரின் டிரம், கிளாவுஸ் வோர்மனின் பாஸ் கிட்டார், அவ்வளவுதான் பெரும்பாலும். 'மதர்' பாட்டின் கடைசியில் அவர் அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டுக் கத்துவதை நான் ராத்திரியில் கேட்பதில்லை. உயர்ந்த ஆல்பம்தான், வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் முடியாது. 'இமேஜின்' பாட்டு எல்லா இடத்திலும் போட்டுப் போட்டுத் தேய்ந்துவிட்டது, ஆனால் அதே ஆல்பத்தில் 'ஜெலஸ் கை' இருக்கிறது, ரிஷிகேஷில் இருந்தபோது வேறு வரிகளோடு எழுதிய மெட்டு, அது ஒன்று போதும். பாலைத் திட்டி எழுதிய 'ஹௌ டூ யூ ஸ்லீப்' எனக்குப் பிடிக்காது. அதில் கிட்டார் வாசிப்பது நம்ம ஜார்ஜ்தான் என்பது தனி வருத்தம்.

ரிங்கோவை எல்லோரும் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். 'ஃபோட்டோகிராஃப்' என்று ஒரு பாட்டு, 1973, ஜார்ஜும் ரிங்கோவும் சேர்ந்து எழுதியது, அமெரிக்காவில் முதலிடம். பிரிந்துபோனவளின் படம் மட்டும் கையில் இருக்கிற ஒருத்தனின் பாட்டு. ஜார்ஜ் இறந்து சரியாக ஒரு வருடம் கழித்து, 2002 நவம்பர் 29இல், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நினைவுக் கச்சேரி நடந்தபோது ரிங்கோ மேடையேறி இதைப் பாடினார். வரி ஒன்றும் மாற்றவில்லை, ஆனால் பாட்டு வேறு ஆளைப் பற்றியதாகிவிட்டது. அந்தக் காணொளியை ஒரு தடவை பாருங்கள்.

மாமா செட்டை விற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. டிஜே பாக்ஸ் வந்த பிறகு குழாயை யாரும் கூப்பிடவில்லை. இப்போது கிருஷ்ணகிரியில் மகளோடு இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். போன மாங்காய் சீசனில் போயிருந்தபோது ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரில் அந்த 2021 கலவையை வைத்து, "மாமா, இது ஞாபகம் இருக்கா" என்று கேட்டேன். ஹல்லேலூயா வரும்வரை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, வந்ததும் சிரித்துவிட்டார். முழுப் பாட்டையும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர், முடிந்ததும் சொன்னார்: "பாஸ் ஜாஸ்தி வெச்சிட்டான் மாப்ள. கொஞ்சம் கொறைக்கச் சொல்லு."